தேரிக்காட்டில் ஒரு கோடை முகாம்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சேகரக் கமிட்டி கூடியது. பூட்டிக் கிடக்கும் பழைய போர்டிங்கைத் திறந்து, மே மாதத்தில் பிள்ளைகள் தங்கியிருக்க ஐந்து நாள் முகாம் நடத்த வேண்டும் என்று நானும் ஓய்வுநாள் பள்ளி டீச்சரும் எழுதிக் கொடுத்த மனுவை எங்கள் சேகர குருவான ஐயர் வாசித்தார். வாசித்து முடிக்குமுன் கேள்விகள் எழுந்துவிட்டன. விடுமுறை வேதாகமப் பள்ளி, அந்த வி.பி.எஸ்., வருஷா வருஷம் நடக்கிறதே, இது எதற்கு? காலையில் வந்து பாட்டுப் பாடி, வசனம் ஒப்பித்து, மத்தியானம் வீட்டுக்குப் போகிற பிள்ளைகளை ஏன் ராத்தங்க வைக்க வேண்டும்? சோறு யார் போடுவது?

நான் எழுந்து டிசம்பரை நினைவுபடுத்தினேன். 17ஆம் தேதி பிடித்த மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நம் ஊர் செம்மணல் தேரி மேட்டில் இருப்பதால் தப்பியது. ஆற்றங்கரை ஊர்களிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கிய குடும்பங்களை இதே போர்டிங்கின் பூட்டை உடைத்துத்தான் தங்க வைத்தோம். அப்போது நான் காய்ச்சல் பார்த்த பிள்ளைகளில் சிலர் இன்றும் மேகம் கறுத்தால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிறார்களாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ கோடை விடுமுறை என்றால் பனங்காட்டு வேலை. சுள்ளி பொறுக்க வேண்டும், அடுப்புக்கு ஓலை தள்ள வேண்டும், கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஐந்து நாள் பிள்ளைகளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் எங்கள் மனு.

கமிட்டியில் மூத்தவர், என் தகப்பனாருக்குக் கூட்டாளி, நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், ஒன்றே ஒன்று கேட்டார். "நர்சம்மா, பிள்ளைய விட்டுட்டுப் போற தாய்க்கு நீங்க என்ன உத்தரவாதம் சொல்லுவிய?"

உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதைத் தயார் செய்யத்தான் மூன்று மாதம் இருக்கிறது என்றேன். அனுமதி கிடைத்தது. சேகர நிதியிலிருந்து பணம் கிடையாது.

பிப்ரவரி 17, சனி

போர்டிங் துப்புரவு. வாலிபர் சங்கத்துப் பையன்கள் காலை ஆறு மணிக்கே மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். முள்ளு மண்டிய முற்றத்தை வெட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. உடைமரங்கள் இரண்டை மட்டும் நிழலுக்காக விட்டிருக்கிறோம். ஓடு மாற்ற வேண்டிய இடங்களை சுண்ணாம்பால் குறித்தோம். நீள அறைகள் இரண்டும் நல்ல சுவர், நல்ல காற்றோட்டம். அந்தக் காலத்து மிஷன் கட்டடங்களில் ஜன்னலை உயரமாக வைத்ததன் அருமை மே மாதத்தில் தெரியும்.

இந்தப் பக்கத்துக்குத் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் புதிதல்ல. 1799இல் முதலூர் உண்டானதிலிருந்தே ஊர் என்றால் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்ததுதான். இடையன்குடியில் கால்டுவெல், மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ், நாசரேத்தில் மர்காஷிஸ் என்று வந்த மிஷனரிகள் எல்லாரும் கோயிலோடு கூடப் பள்ளியையும் கட்டினார்கள். பனையேறிகளின் பிள்ளைகள் தூரத்து ஊர்களிலிருந்து வந்து தங்கிப் படித்தார்கள். என் அம்மாவும் போர்டிங்கில் வளர்ந்தவள்தான். பஸ் வந்தது, ஊருக்கு ஊர் பள்ளி வந்தது, போர்டிங்குகள் ஒவ்வொன்றாக மூடின. நல்ல காரணத்தால் மூடியவை என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. கட்டடம் கிடக்கிறது, அதற்குப் புது வேலை கொடுக்கலாம்.

கழிப்பறை இரண்டுதான் இருக்கிறது. இதுதான் பெரிய செலவு.

மார்ச் 3, ஞாயிறு

சென்னையில் தொழில் செய்யும் ஒருவர் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசலில் அவர் படத்தோடு ஒரு பெரிய பலகை வைக்க வேண்டும், பிள்ளைகள் சட்டையிலும் பேர் அச்சடிக்க வேண்டும். ஐயர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். வெள்ளத்தில் எல்லாம் இழந்த வீட்டுப் பிள்ளையின் முதுகில் கொடுத்தவர் பேரை எழுதி அனுப்ப என்னால் முடியாது. பேர் போடாமல் தருவதானால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம் என்று பதில் போயிருக்கிறது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசினோம். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுக்கலாம் என்றார்கள். தினம் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கி வைக்கிற இந்தப் பழக்கத்தில்தான் எத்தனையோ கோயில்களுக்கு ஓடு ஏறியது. என் வயசுக்காரர்கள் வீட்டில் அந்தக் கலயம் இன்னும் இருக்கிறது. சின்னவர்கள் வீட்டில் ரேஷன் அரிசியா, கடை அரிசியா என்று கேட்டார்கள். எதுவானாலும் சரி.

சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு வைத்திருக்கும் அண்டா, சருவம், அகப்பை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள அனுமதி. சமையலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஆயிரம் பேருக்கு அசனம் ஆக்கிய கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. அறுபது பேர் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

மார்ச் 16, சனி

டீச்சரும் நானும் பனங்காட்டுக்குள் பதனி காய்ச்சும் விடிலி விடிலியாகப் போனோம். பதனி சீசன் ஆரம்பித்திருக்கிறது. காலையில் இறக்கின பதனியைப் பெண்கள் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஓலைக் குடிசைக்குள் அடுப்பு வெக்கையும் புகையும். கண் எரிச்சலோடு அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. அவர்கள் ஆறு மாதம் இருக்கிறார்கள்.

முகாம் என்றதும் ஒரு தாய் சிரித்துவிட்டாள். "மே மாசம் தான் பாளை நல்லா ஊறும். அவரு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை நாப்பது பனை ஏறி இறக்குதாரு. எனக்குக் கூடமாட இருக்கது மூத்தவ ஒருத்திதான். அவள அனுப்பிட்டு நான் என்னம்மா செய்ய? சீசன் முடியட்டும், அனுப்புதேன்."

சீசன் முடியும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும். அந்த மூத்தவள் எட்டாம் வகுப்பு. நாங்கள் பேசும்போது கலக்குகிற கட்டையை விடாமலே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பனி பதத்துக்கு வரும்போது கை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். அவள் கண் மட்டும் எங்களோடு வந்தது.

திரும்பும் வழியெல்லாம் டீச்சர் பேசவில்லை. வீட்டு வாசலில் வைத்துச் சொன்னாள்: "அக்கா, நம்ம சங்கத்துப் பொம்பளையளுக்குக் கருப்பட்டி காய்ச்சத் தெரியாதா என்ன?"

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

டீச்சர் கேட்டது பலித்துவிட்டது. முகாம் நடக்கிற நாட்களில் பிள்ளைகளை அனுப்பும் விடிலிகளுக்குச் சங்கத்துப் பெண்கள் முறை வைத்துப் போய் அடுப்படியில் இருப்பார்கள். பதினொரு பேர் கை தூக்கினார்கள். அதில் மூன்று பேர் பிறந்த வீட்டில் விடிலியில் வளர்ந்தவர்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். "விட்டுப்போன கை திரும்ப வருதான்னு பாப்போம்" என்று ஒரு ஆச்சி சொன்னாள். அவளுக்கு எழுபதுக்கு மேல். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

முகாமுக்கு வராமலே முகாமை நடத்துகிறவர்கள் இவர்கள்.

ஏப்ரல் 1, திங்கள்

நேற்று உயிர்த்தெழுந்த திருநாள். இன்று தொண்டர் கூட்டம், முழு நாளும். பதினெட்டு பேர்.

ஐயர் முதலில் கொஞ்சம் வரலாறு சொன்னார். 1880இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஹிங்க்லி என்ற குரு தம் சபைப் பையன்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஒரு தீவில் போய்த் தங்கினார். சபை நடத்திய முதல் முகாமாக அதைச் சொல்கிறார்கள். 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மா, தெருவில் சுற்றிய ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பீர்க்கடை மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துக் கோடைப் பள்ளி நடத்தினார். வி.பி.எஸ். அதிலிருந்து வளர்ந்தது. "ரெண்டு பேரும் பிள்ளையள் எங்க இருக்கோ அங்கேயிருந்து ஆரம்பிச்சாக. நாமளும் அப்படித்தான்" என்றார்.

பிறகு என் முறை. விதிகளைப் படித்தேன். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். பெண்பிள்ளைகள் அறைக்குப் பெண் தொண்டர்கள் மட்டும். இரவில் முறை வைத்து இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். பிள்ளைகளை யாரும் அடிக்கக் கூடாது, கிள்ளக் கூடாது, முட்டி போட வைக்கக் கூடாது. பிள்ளைகள் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பரப்பக் கூடாது. எல்லாத் தொண்டர்களுக்கும் போலீஸ் சரிபார்ப்பு, ஐயருக்கும் எனக்கும் சேர்த்து.

"நம்ம சபை ஆட்களையே சந்தேகப்படணுமா?" என்று ஒருவர் மனம் நொந்து கேட்டார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவன் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்பது அங்கே பார்த்தது. 2012இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். சபைப் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கிற இடத்தில் ஒரு பிள்ளையும் நிம்மதியாகத் தூங்காது. இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதப் போகிறோம், பிள்ளைகள் கண்ணுக்கு நேர் உயரத்தில்.

மனம் நொந்தவர் சாயங்காலம் தம் ஆதார் நகலைக் கொண்டுவந்து தந்தார்.

இன்னொரு தீர்மானம். ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்து வீட்டுப் பிள்ளைகள். காலையும் மாலையும் ஜெபமும் பாட்டும் உண்டு என்பதைப் பெற்றோர் கடிதத்தில் தெளிவாக எழுதிவிட வேண்டும். வேண்டாம் என்கிற பிள்ளை அந்த நேரம் விளையாடலாம், அதற்கு ஒரு தொண்டர் உண்டு. எந்தப் பிள்ளையையும் எதற்கும் வற்புறுத்தக் கூடாது. பெரியப்பா நெற்றியைச் சுருக்கினார். டிசம்பரில் அந்தக் கதவைத் தட்டினவர்களிடம் நாம் என்ன வேதம் என்று கேட்டோமா என்றார் ஐயர். அதோடு முடிந்தது.

ஏப்ரல் 20, சனி

நேற்று ஓட்டுப்பதிவு, ஊரே அலுத்துக் கிடக்கிறது. ஆனாலும் கொத்தனார் வந்துவிட்டார். புதுக் கழிப்பறை மூன்றுக்கும் கூரை ஏறியது. பெண்பிள்ளைகளுக்கு மூன்று, ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு. உள்ளே கொக்கி எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு ஒன்பது வயசுப் பிள்ளையை நிறுத்தி அளந்தோம்.

தொகுப்பு: அரிசி போதும். விறகு போதும். எண்ணெய், பருப்புக்கு இன்னும் வேண்டும். சென்னையிலிருந்து பதில் இல்லை.

மே 7, செவ்வாய்

நேற்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். கள்ளக்கடல் என்று இரண்டு நாளாக எச்சரிக்கை இருந்தது. தூரத்துக் கடலில் எழும்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் வந்து ஏறும். பார்க்கக் கடல் சாதுவாக இருக்கும், அதுதான் பயம். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

மணப்பாட்டுக் கடற்கரைக்குப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போவதாக இருந்தது. காலையில் எல்லாரையும் கூப்பிட்டு, கடல் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பையன்களுக்கு ஏமாற்றம்தான். முழங்கால் அளவு மட்டும் என்று ஒருவன் கேட்டான். ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள், அதில் பாதிப் பேர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள், நீந்தத் தெரிந்த தொண்டர் இரண்டு பேர். வேறு பேச்சுக்கு இடமில்லை.

கடலுக்குப் பதில் தேரி. மணல்மேட்டில் சறுக்கலாம், ஏறலாம், உருளலாம். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை மட்டும். அக்கினி நட்சத்திரம் 4ஆம் தேதி தொடங்கிவிட்டது. எட்டு மணிக்கு மேல் செம்மணல் கால் வைக்க முடியாமல் சுடும்.

மே 13, திங்கள்

நாளை தொடங்குகிறது. சரிபார்த்தவை:

தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று. ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர், கலந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். அதற்குப் பிறகும் குடிதண்ணீர் காய்ச்சித்தான். பதனி காலையில் இறக்கினது காலையிலேயே, வடிகட்டி, ஆளுக்கு ஒரு பட்டை மட்டும். வெயில் ஏறினால் புளித்துவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு: ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

பாம்பு. தேரியில் சுருட்டை விரியன் உண்டு. முற்றத்தில் குப்பை, விறகு, ஓலை எதுவும் கிடக்கக் கூடாது. ராத்திரி டார்ச் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் கூடாது. அசைக்காமல் படுக்க வைத்து நேரே ஆஸ்பத்திரி. திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்கு போன் போட்டு விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டேன். உண்டு. 108 வர நேரமானால் என்ன செய்ய என்று கார் ஒன்று ராத்திரியும் வாசலிலேயே நிற்கும், சாவி என் தலையணைக்கு அடியில்.

பெரியப்பா வந்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். சுவரில் 1098ஐப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன். கைத்தடியால் அந்த எண்ணை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதையும் எழுதிப்போட்டியளா. சரி" என்றார். அவர் பிப்ரவரியில் கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மே 14, செவ்வாய்

ஐம்பத்திரண்டு பிள்ளைகள். எதிர்பார்த்ததைவிட ஆறு பேர் அதிகம். திருப்பி அனுப்பவில்லை, பாய் இரவல் வாங்கினோம்.

அந்த எட்டாம் வகுப்பு மூத்தவள் வந்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, பிளாஸ்டிக் பையில் இரண்டு பாவாடை. கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். மருந்து போட்டேன். வலிக்கவில்லை, பழசு என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாம்பார், முருங்கைக்காய், அப்பளம். மூன்றாம் முறை சோறு கேட்ட பையனைப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். சமையல் சித்தி சிரித்தவன் தட்டிலும் ஒரு அகப்பை போட்டாள்.

சாயங்காலம் பாட்டு. ஆற்றங்கரைப் பிள்ளைகளில் நான்கு பேர் விளையாடப் போனார்கள். பாட்டுச் சத்தம் கேட்டு இரண்டு பேர் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 15, புதன்

தேரி. குதிரைமொழித் தேரியின் ஓரம் எங்களுக்கு நடந்து போகிற தூரம். செம்மணல் மேட்டில் ஏறினால் ஒரு பக்கம் பனங்கூட்டமும் கொல்லாமரமும், இன்னொரு பக்கம் தூரத்தில் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம். 192 அடி, பிள்ளைகள் நம்பவில்லை.

பிரிட்டனில் கடற்கரை மணலில் சிப்பிகளால் வேத வாக்கியம் எழுத வைத்து, 1868இல் ஸ்பியர்ஸ் என்பவர் பிள்ளைகளுக்கான கடற்கரை ஊழியத்தைத் தொடங்கினதாக டீச்சர் படித்திருக்கிறாள். அதே யோசனையில் பிள்ளைகளை நுங்குக் கூந்தலும் கொல்லாங்கொட்டையும் பொறுக்க வைத்தாள். வாக்கியம் ஒன்றும் கொடுக்கவில்லை. அவரவருக்குப் பிரியமானவர்கள் பேரை எழுதச் சொன்னாள். அம்மா, அம்மாச்சி, தம்பி பேர், ஒரு ஆட்டுக்குட்டி பேர். ஒரு பெண் தன் பேரையே எழுதினாள்.

போதகம் பண்ணியே பிள்ளைகளைக் களைக்க வைக்கிறோம் என்று நான் வருஷக்கணக்காக நினைத்திருக்கிறேன். வசனப் போட்டியில் தோற்று அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இந்த முகாமில் போட்டி, பரிசு எதுவும் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேரின் பிடிவாதம். கமிட்டியில் இது இன்னும் சிலருக்குப் பிடிக்கவில்லை. கல்வாரியின் அன்பைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் என்று எண் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு பையனுக்கு மட்டும் வெக்கைத் தலைவலி. கரைசல் கொடுத்துப் படுக்க வைத்தேன். மத்தியானம் எழுந்து விளையாடப் போய்விட்டான்.

மே 16, வியாழன்

தென் மாவட்டங்களுக்கு மழை எச்சரிக்கை. வானம் மூடியிருந்தது, வெயிலுக்கு நல்லதுதான் என்று பகலில் சந்தோஷப்பட்டோம்.

ராத்திரி பத்தரைக்கு மழை பிடித்தது. தாழ்வாரத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் முதலில் ஒரு பிள்ளை அழுதது, அதைப் பார்த்து ஆறேழு. ஆண்பிள்ளைகள் அறையில் முறைக்காரர் இரண்டு பேரும் விளக்கைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஏரல் பக்கத்துப் பையன் ஒருவன், பத்து வயசு, தன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். பக்கத்துப் பாய்க்காரனின் பையையும் எடுத்துவைத்திருக்கிறான். டிசம்பரில் அவன் குடும்பம் ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் நின்றது.

"தண்ணி எம்புட்டு தூரத்துல வருது?" என்று கேட்டான். பதற்றமே இல்லை. பெரிய ஆள் கேட்கிற மாதிரி விவரம் கேட்டான்.

வராது, பயப்படாதே என்று சொல்லி என்ன பயன்? டிசம்பரிலும் யாராவது அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அன்று காவல் முறையில் இருந்தவர்களில் ஒருவர் பனையேறித் தாத்தா. அவர் அந்தப் பையனிடம் போய், "தம்பி, இது தேரி. இங்க தண்ணி நிக்காது. நம்பாட்டா பாரு" என்று ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். தாழ்வாரத்து ஓரத்தில், தகரத்துக்கு உள்ளே மழை படாத மணலில் அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் பரவவே இல்லை. மணலுக்குள் இறங்கிப் போய்விட்டது.

பையன் குனிந்து பார்த்தான். "இன்னொரு கொடம்."

இன்னொரு குடம் ஊற்றினார். அதுவும் போயிற்று. அப்புறம் எல்லாருக்கும் ஊற்ற வேண்டும். அழுதவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை ஊற்ற, மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ண, தண்ணீர் மறைகிற வரை எண்ணிக்கை. மின்னல் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குடிதண்ணீரும் சேர்த்துக் காலியாகிறதே என்று சமையல் சித்தி கவலைப்பட்டாள், ஆனால் தடுக்கவில்லை. தேரி எத்தனை மழையையும் குடித்துவிடும், குடித்ததைத்தான் கீழே சுனையாகத் தருகிறது, ஐயனார் கோயில் சுனை வற்றாமல் இருப்பது அதனால்தான் என்று தாத்தா அவர்களுக்கு விளக்கிச் சொன்னார். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் அவர் சொன்னது அத்தனையும் சரி.

பதினொன்றரைக்கு சுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தோம். பையன் பையைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். அவன் தூங்கின பிறகு தாத்தாவுக்குக் கை நடுங்கியது. மழை நேரத்தில் பனையிலிருந்து விழுந்து செத்த தம்பியைப் பற்றி என்னிடம் சொன்னார்.

நான் படுக்கவில்லை. இந்த ஒரு ராத்திரிக்காகவே இந்த முகாம் வேண்டும் என்று கமிட்டியில் சொல்லுவேன். பகல் வி.பி.எஸ்.ஸில் இந்தப் பயம் வெளியே வந்திருக்காது. வீட்டிலே அம்மாவும் சேர்ந்து பயப்படுகிறாள், அவளால் குடம் கொண்டுவர முடியாது.

மே 17, வெள்ளி

மழை விட்டுவிட்டது. பிள்ளைகள் விழித்ததும் முதல் வேலை முற்றத்தைப் பார்த்ததுதான். ஈரம் மட்டும்.

சாயங்காலம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் போய்விட்டான் என்று செய்தி. தொண்டர்களைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைகள் காதில் போடாதீர்கள் என்றேன். ஜெப வேளையில் ஐயர் பேர் சொல்லாமல் அந்தத் தாய்க்காக ஜெபித்தார்.

மூத்தவள் இன்று ஊஞ்சலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தாள். யாரும் இறங்கச் சொல்லவில்லை. விடிலியில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். எழுபது வயசு ஆச்சி அங்கே இருக்கிறாள், கருப்பட்டி பதமாக வந்திருக்கிறது என்றேன். "ஆச்சி வாய் ஓயாம பேசுவாக. அம்மைக்கு நல்லது" என்றாள்.

மே 18, சனி

பெற்றோர் வந்தார்கள். மூத்தவளின் அப்பா பனையிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார், இடுப்பில் பாளை அருவாளோடு. மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஏரல் பையன் தன் அம்மாவை இழுத்துப் போய்த் தாழ்வாரத்து ஓரத்தில் நிறுத்தி ஒரு குடம் ஊற்றிக் காட்டினான்.

மே 26, ஞாயிறு

கமிட்டியில் கணக்கு வைத்தோம். ஐயரும் டீச்சரும் கையெழுத்துப் போட்டார்கள். அரிசி மிச்சம், அதை அசனத்துக்குக் கொடுத்துவிட்டோம். எண்ணெய்க் கடைக்குப் பாக்கி உண்டு. கழிப்பறைக் கட்டுமானத்தில் கொத்தனாருக்குக் கொஞ்சம் பாக்கி, ஆகஸ்டுக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். மனம் நொந்தவர், அதாவது ஏப்ரலில் நொந்தவர், தம் பங்காக அதில் பாதியை ஏற்றுக்கொண்டார்.

போர்டிங்கை இனிக் கல்யாண வீட்டார் தங்க வாடகைக்கு விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மே மாதம் தவிர மற்ற மாதங்களில் விடலாம், வருமானம் முகாமுக்கே வர வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் பரிசு வைக்க வேண்டும் என்ற பேச்சும் வந்தது. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளப் போவதுமில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஏரல் பையனின் அம்மா. பஸ் பிடித்து வந்திருக்கிறாள். வெள்ளத்தில் போன தையல் மெஷினுக்குப் பதில் இன்னொன்று இன்னும் வாங்கவில்லையாம், மே மாதம் வேலை இருக்காது. "அடுத்த வருசம் நான் சமைக்க வரலாமாக்கா? நான் உங்க கோயிலு கெடையாது. சர்க்கரைப் பொங்கல் நல்லா வைப்பேன்."

பெரியப்பா பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். "போலீஸ் சரிபார்ப்பு அந்தப் பிள்ளைக்கும் உண்டுல்லா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். தொண்டர் நோட்டில் 2025 என்று எழுதி, அவள் பேரை முதலில் போட்டேன். இரண்டு போட்டோவும் ஆதார் நகலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.